கொட்டாவியோடு வருபவை

1888 அக்டோபர். பாரிஸ் நகரின் சால்பெத்ரியே மருத்துவமனை. அன்றைய ஐரோப்பாவின் முதல் வரிசை நரம்பியல் மருத்துவரான ழான் மார்த்தன் ஷார்கோ, செவ்வாய்க்கிழமைதோறும் மாணவர்கள் முன்னிலையில் நோயாளிகளைப் பரிசோதித்துப் பாடம் நடத்துவார். அந்த மாதம் அவர் காட்டிய நோயாளி ஓர் இளம்பெண். அவளுடைய தொல்லை கொட்டாவி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 வீதம் மணிக்கு 480. விழித்திருக்கும் நேரமெல்லாம் அதுதான்.

ஷார்கோ இதை ஹிஸ்டீரியா என்றார். மனத்தின் நெருக்கடி உடலில் வெளிப்படுகிறது என்பது அக்கால விளக்கம். அந்தப் பாடக் குறிப்புகள் அச்சில் நிலைத்துவிட்டன. நூறாண்டுக்குப் பிறகு அவற்றைப் படித்த நரம்பியலாளர்கள், கொட்டாவியை மட்டும் பார்க்காமல் அவளிடம் இருந்த மற்றக் குறைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வளர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மண்டைக்குள் எட்டிப் பார்க்க வழியே இல்லாத காலம் அது. ஷார்கோவைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் இந்த அத்தியாயம் முழுவதற்கும் தேவையான பாடம் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. கொட்டாவி தனியாக எதையும் சொல்வதில்லை. அதோடு வேறு என்ன வருகிறது என்பதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கொட்டாவியை நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். சராசரியாக 6 விநாடிதான். கீழ்த்தாடை மெல்ல இறங்குகிறது. தொண்டை விரிந்து, நீண்ட மூச்சு உள்ளே போகிறது. உச்சத்தில் கண் இறுக மூடிக்கொள்ள, கண்ணீர்ச் சுரப்பி அழுந்தி ஓரத்தில் நீர் கசிகிறது. செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் தசை விறைப்பதால், எதிரில் பேசுபவரின் குரல் ஒரு கணம் மங்கிப்போகிறது. நாடித்துடிப்பு சற்று ஏறுகிறது. பிறகு மூச்சு சட்டென்று வெளியேற, தாடை மூடிக்கொள்கிறது. தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்துவது கடினம். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தால், கொட்டாவி விட்ட நிறைவே வராது.

இதை நடத்தும் இடம் மூளையின் மிகப் பழைய பகுதி. ஹைபோதலாமஸில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் ஆணையிடுகிறது. மூளைத்தண்டு அதைத் தாடைக்கும் தொண்டைக்கும் உதரவிதானத்துக்கும் கொண்டுசேர்க்கிறது. டோபமின், செரட்டோனின், ஆக்சிடோசின் ஆகிய வேதிப்பொருள்கள் இந்தப் பாதையில் புழங்குகின்றன. பாதை எவ்வளவு பழையது என்றால், தாய் வயிற்றில் மூன்று மாதம்கூட நிறையாத கரு கொட்டாவி விடுவதை ஸ்கேனில் பார்க்கலாம்.

அந்தக் கருவைச் சுற்றி இருப்பது பனிக்குட நீர். அங்கே உறிஞ்சக் காற்றே இல்லை. ஆனாலும், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கொட்டாவி வரும் என்ற விளக்கத்தை இன்றும் பள்ளிகளில் சொல்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் புரோவைன் 1987-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். மாணவர்களைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்தார், கொட்டாவி குறையவில்லை. கரியமில வாயு 3 முதல் 5 சதவீதம் கலந்த காற்றைக் கொடுத்தார். மூச்சு வேகம் கூடியதே தவிர கொட்டாவி கூடவில்லை. உடற்பயிற்சி செய்து மூச்சு வாங்கியபோதும் அப்படியே. 'காத்து பத்தல, அதான் கொட்டாவி' என்ற பேச்சுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

பிறகு எதற்காக வருகிறது? விழிப்பிலிருந்து உறக்கத்துக்கு, உறக்கத்திலிருந்து விழிப்புக்கு, சலிப்பிலிருந்து கவனத்துக்கு என்று மூளை நிலை மாறும் தருணங்களில் அது கூடுகிறது. இது பலரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. அது மூளையின் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு என்பது ஆய்வாளர் ஆண்ட்ரூ காலப் முன்வைக்கும் கருத்து. 2007-இல் அவரும் கார்டன் காலப்பும் நடத்திய சோதனையில், பிறர் கொட்டாவி விடும் படங்களைப் பார்த்தவர்களில் 41 சதவீதம் பேருக்குக் கொட்டாவி தொற்றியது. நெற்றியில் குளிர்ந்த பொட்டலத்தை வைத்துக்கொண்டு பார்த்தவர்களில் அது 9 சதவீதமாகக் குறைந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. இரு தரப்பும் உடன்படும் ஒன்று உண்டு: கொட்டாவி நுரையீரலின் செய்தி அல்ல, மூளையின் செய்தி.

சித்த மருத்துவம் அடக்கக் கூடாதவை என்று வகுத்த பதினான்கு வேகங்களில் தும்மல், பசி, உறக்கம் ஆகியவற்றோடு கொட்டாவியும் ஒன்று. உடலின் இயல்பான உந்துதலாக அதை மதித்த பார்வை அது. வீட்டுப் புழக்கத்திலோ வேறு கதை. கொட்டாவி விடும்போது வாய்முன் சொடக்குப் போடுவார்கள். திருஷ்டி கழிப்பவருக்கு அடுத்தடுத்துக் கொட்டாவி வந்தால், 'பலமான கண்ணுப்பா' என்பார்கள். வழக்கங்களோடு எனக்குச் சண்டையில்லை. மூன்று வாரமாக ஒருவர் ஓயாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டதோடு வீடு திருப்தியடைந்துவிடுகிறதே, அங்கேதான் கவலை.

எத்தனை கொட்டாவி அதிகம்? ஒரே எண்ணை எல்லோருக்கும் பொருத்த முடியாது. பக்கவாதம் பற்றிய ஆய்வுகளில் 15 நிமிடத்துக்குள் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் இயல்புக்கு மீறியது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நமக்கு அதைவிடப் பயன்படும் கேள்வி, 'முன்பு இப்படி இருந்ததா?' என்பது. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கு, சலிப்பில்லாத வேலையின் நடுவே, புதிதாகத் தொடர்ந்து கொட்டாவி வந்தால் காரணம் தேட வேண்டும்.

முதலில் தேட வேண்டிய இடம் படுக்கை. கொட்டாவித் தொல்லையோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தூக்கம் போதவில்லை, அல்லது தூங்கியும் பயனில்லை. வளர்ந்தவருக்குக் குறைந்தது 7 மணி நேரம் தேவை. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10. அதிகாலை டியூஷனுக்குப் போய், இரவு வீட்டுப்பாடம் முடித்துப் பதினோரு மணிக்குப் படுக்கும் பிளஸ் டூ மாணவருக்கு இந்தக் கணக்கு எந்நாளும் நேராகாது. ஷிப்ட் மாறிமாறிப் போகும் மில் தொழிலாளிக்கும், இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கும் அப்படித்தான்.

தூங்கியும் பயனில்லாதவர்களின் கதை வேறு. இரவு எட்டு மணி நேரம் படுத்திருப்பார். காலையில் தலைபாரம், வாய் உலர்ந்திருக்கும், பத்து மணிக்கெல்லாம் கொட்டாவி. கேட்டால் 'நான் நல்லாத்தான் தூங்குறேன் டாக்டர்' என்பார். பக்கத்தில் நிற்கும் மனைவி சொல்வார்: 'குறட்டை சத்தம் தெருவரைக்கும் கேக்கும் சார். திடீர்னு சத்தம் நின்னுடும். மூச்சே இல்லையோன்னு பயந்து தட்டுவேன். அப்புறம் ஒரு பெரிய செருமலோட மறுபடி ஆரம்பிக்கும்.' அந்த நான்கு வாக்கியத்தில் பாதி நோய்க்கணிப்பு முடிந்துவிடுகிறது. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதை ஓர் அடைப்பு என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு 5-க்கு மேல் போனால் நோய். 30-ஐத் தாண்டினால் கடுமையான நோய். ஒவ்வோர் அடைப்பிலும் மூளை ஒரு நொடி விழித்து மூச்சை மீட்டுவிட்டுத் திரும்பத் தூங்குகிறது. இரவில் நூறுமுறை எழுந்தது அவருக்குத் தெரியாது. மூளைக்குத் தெரியும், பகலில் கொட்டாவியாகக் கேட்டு வாங்குகிறது.

கழுத்துச் சுற்றளவு ஆணுக்கு 17 அங்குலத்தையும் பெண்ணுக்கு 16-ஐயும் தாண்டினால் ஆபத்து கூடும். ஒல்லியானவர்களுக்கும் வரும், தாடை அமைப்பும் காரணமாகலாம். குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை வளர்ந்திருந்தால் இதே கதைதான். வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும், வகுப்பில் கொட்டாவி விடும். ஆசிரியர் சோம்பேறி என்கிறார். அந்தக் குழந்தையை மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுவதுதான் சரியான நடவடிக்கை.

வாகனம் ஓட்டுபவருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நள்ளிரவு 2 மணியிலிருந்து விடியல்வரை உடல் கடிகாரம் உறக்கத்துக்கு இழுக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொட்டாவி அடுக்கடுக்காக வந்தால், கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டை உரக்க வைப்பதும் காப்பாற்றாது. வண்டியை ஓரம்கட்டுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணயர்ந்த பிறகு எடுங்கள்.

இரண்டாவதாகத் தேட வேண்டிய இடம் மாத்திரை டப்பா. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பரவலாக எழுதித் தரப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃபுளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற மருந்துகள் சிலருக்குக் கட்டுக்கடங்காத கொட்டாவியைக் கொடுக்கும். இவை செரட்டோனின் வழியாக வேலை செய்பவை. கொட்டாவிப் பாதையிலும் அதே செரட்டோனின்தான். இதில் நோயாளியைக் குழப்பும் விஷயம், தூக்கக் கலக்கம் கொஞ்சமும் இல்லாமலே கொட்டாவி மட்டும் வரும் என்பது. தெளிவாக இருக்கிறார், பேசுகிறார், இடையிடையே வாய் தானாகத் திறக்கிறது. மனநல மருந்து சாப்பிடுவதை வெளியில் சொல்லக் கூசுபவர், இந்தக் கொட்டாவியையும் மருத்துவரிடம் சொல்லாமல் ஒருநாள் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார். அது பெரிய தவறு. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் உணர்வு, அதற்குப் பின்னால் பழைய நோயும் திரும்பலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். பெரும்பாலும் கொட்டாவி அடங்கிவிடும்.

சளிக்குச் சாப்பிடும் குளோர்ஃபெனிரமின் வகை மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைக் கொடுத்து அதன் வழியே கொட்டாவியைக் கூட்டும். பார்கின்சன் நோய்க்குத் தரும் டோபமின் வகை மருந்துகளில் அபோமார்ஃபின் கொட்டாவியைத் தூண்டுவதில் பேர்போனது.

மருந்தை நிறுத்தியதாலும் வரும். ஹெராயின், மார்ஃபின், டிரமடால் போன்ற அபின் வகைப் பொருள்களுக்கு உடல் பழகிவிட்டபின் அவை கிடைக்காமல் போனால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும், மயிர்க்கூச்செறியும், கருவிழியின் துளை விரியும், வயிற்றைப் பிசையும். கூடவே கொட்டாவி. இந்தத் தவிப்பை அளக்க உலகெங்கும் பயன்படுத்தும் 11 அம்ச அளவுகோலில் கொட்டாவிக்கு ஒரு தனி வரி உண்டு. பரிசோதிக்கும் நேரத்தில் ஓரிரு முறை வந்தால் 1 மதிப்பெண், மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் 2, நிமிடத்துக்குப் பலமுறை வந்தால் 4. கர்ப்ப காலத்தில் தாய் இந்தப் பொருள்களைப் பயன்படுத்தியிருந்தால், பிறந்த சிசுவின் தவிப்பை அளக்கும் பட்டியலிலும் கொட்டாவி இருக்கிறது. மருத்துவமனை வலிமருந்தில் தொடங்கிப் பழகிப்போனவர்களும் இதில் உண்டு. வீட்டில் ஒரு பையன் ஜலதோஷம் போல மூக்கொழுகி, ஓயாமல் கொட்டாவி விட்டு, எரிந்து விழுந்துகொண்டிருந்தால், அடிப்பதற்கு முன் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை இருக்கிறது.

இன்னொரு கொட்டாவியை ரத்ததான முகாம்களில் காணலாம். 350 மில்லி எடுத்து முடித்து, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி இளைஞர் எழுந்து உட்காருகிறார். ஒரு கொட்டாவி. உடனே இன்னொன்று. பழகிய செவிலியர் அதோடு அவரை விடமாட்டார், முகத்தைப் பார்ப்பார். உதடு வெளுக்கிறது, நெற்றியில் வியர்வை முத்து, 'ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்.' அடுத்த நிமிடம் அவர் படுக்கவைக்கப்பட்டு, கால் உயர்த்தப்பட்டிருக்கும். வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடி தளர்ந்து, ரத்த அழுத்தம் சரியும்போது மயக்கத்துக்குச் சற்று முன் வரும் கொட்டாவி இது. வெயிலில் நீண்ட நேரம் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்படி வரும். வியர்வையும் வெளுப்பும் சேர்ந்த கொட்டாவியைக் கண்டால் ஆளை உடனே படுக்கவைத்தால் போதும். விழுந்து மண்டை உடைவதைத் தடுத்துவிடலாம். அதே வியர்வையும் வெளுப்பும் நெஞ்சுவலியோடு வந்தால் அது வேறு அவசரம். அங்கே கொட்டாவியைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சிலருக்குக் கொட்டாவி ஒரு முன்னோடி. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தைய நாளே, கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், அடிக்கடி சிறுநீர், இனிப்பின்மேல் திடீர் ஆசை. இந்தக் கட்டத்தில் ஹைபோதலாமஸ் முறுக்கேறியிருப்பதை மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். சாக்லேட் தின்றதால் தலைவலி வந்தது என்று நினைப்பவருக்கு, தலைவலி தொடங்கிவிட்டதால் சாக்லேட் ஆசை வந்திருக்கலாம். ஒரு நோட்டில் குறித்துவந்தால் ஒவ்வொருவருக்கும் தம் முறை தெரியவரும். தெரிந்துகொண்டவர் தூக்கத்தையும் உணவையும் சரிசெய்துகொண்டு, மருத்துவர் சொன்ன மருந்தைக் காலம் தாழ்த்தாமல் எடுத்துக்கொள்ள முடியும்.

இனி மூளைக்காயம். மூளைத்தண்டில் ரத்த ஓட்டம் தடைபட்ட சில நோயாளிகளுக்கு அடக்க முடியாத கொட்டாவி முதல் அறிகுறியாக வந்திருக்கிறது. இது அரிது. ஆனால் பக்கவாதம் வந்தவர்களிடம் காணப்படும் இன்னொரு காட்சியை, அப்படி ஒருவரைப் பராமரிக்கும் குடும்பம் எதுவும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வலப்பக்கம் முழுவதும் செயலிழந்து கிடக்கும் அப்பா. 'கையைத் தூக்குங்கப்பா' என்றால் விரல்கூட அசையாது. ஒரு காலை அவருக்குக் கொட்டாவி வருகிறது. வாய் திறக்கத் திறக்க, செத்துக் கிடந்த அந்தக் கை மடங்கி மெல்ல மேலெழுந்து முகத்தின் பக்கம் வருகிறது. கொட்டாவி முடிந்ததும் தொப்பென்று விழுகிறது. மகள் கத்திக்கொண்டு ஓடி வருகிறாள்: 'அப்பாவுக்குக் கை வந்துடுச்சு!' திரும்பத் தூக்கச் சொன்னால் வரவில்லை. அவருக்கும் புரியவில்லை, அவர் தூக்கவில்லை, அது தானாக எழுந்தது.

பிரெஞ்சு மருத்துவர் ஒலிவியே வாலுசின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் இதைத் தொகுத்து விவரித்திருக்கிறார்கள். நாம் விரும்பிக் கையைத் தூக்கும் கட்டளை பெருமூளைப் புறணியிலிருந்து இறங்குகிறது. பக்கவாதம் அறுத்தது அந்தப் பாதையை. கொட்டாவியின் கட்டளை அடிமூளையிலிருந்து வேறு பழைய பாதையில் தண்டுவடத்துக்கு வருகிறது, அது அறுபடவில்லை. மேலிருந்து வரும் கட்டுப்பாடு இல்லாததால், கொட்டாவியின் அலை கையையும் சேர்த்து எழுப்பிவிடுகிறது. இதைக் கண்டு கை குணமாகிவிட்டது என்று நம்பிப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. பிசாசு வேலை என்று அஞ்சவும் வேண்டாம். பிசியோதெரப்பி நடந்துகொண்டே இருக்கட்டும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நாக்கும் தொண்டையும் தளரும் இயக்கநரம்பு நோய், சில வகை வலிப்பு ஆகியவற்றிலும் மிகைக் கொட்டாவி உண்டு. பார்கின்சன் நோயில் நேர்மாறு: டோபமின் வற்றுவதால் கொட்டாவி குறைந்துபோகிறது. இவை எல்லாவற்றிலும் கொட்டாவிக்கு முன்பாகவோ கூடவோ வேறு தெளிவான குறைகள் இருக்கும். கொட்டாவி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூளைக்கட்டி என்று இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதற்றம் உள்ளவர்களின் கொட்டாவிக்குத் தனி முகம். 'மூச்சு முழுசா உள்ள போக மாட்டேங்குது. ஒரு கொட்டாவி நல்லா வந்தாத்தான் நிறையுது' என்பார்கள். பெருமூச்சும் கொட்டாவியுமாக நாள் முழுக்க இழுத்து இழுத்துச் சுவாசிப்பதில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, விரல் நுனியும் உதடும் மரத்து, தலை லேசாகிறது. அது பயத்தைக் கூட்ட, மூச்சு இன்னும் வேகமாகிறது. நுரையீரல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். மூச்சை மெதுவாக்கும் பயிற்சியும் பதற்றத்துக்கான சிகிச்சையும் இதற்குக் கைகொடுக்கும்.

ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு போன்றவை சோர்வின் வழியாகக் கொட்டாவியைக் கொண்டுவருபவை. எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குக் கொட்டாவியோடு வியர்வை, கை நடுக்கம், பசி வந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தொங்குதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று கொட்டாவியோடு திடீரென்று சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் மருந்துக்குக் கிடைக்கும் அவகாசம் அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். இதையும் மேலே உடனடியாகக் கவனிக்கச் சொன்னவற்றையும் தவிர மற்ற எல்லாக் கொட்டாவிக்கும் ஒரு வாரம் பொறுக்கலாம். அந்த வாரத்தில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கொட்டாவி எந்த நேரத்தில் அடுக்கி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். இரவில் உங்கள் அருகில் படுப்பவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். உங்கள் தூக்கத்தைப் பார்த்தவர் அவர்தான்.